படத்தில் வருவது என்ன துப்பாக்கி? புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கிரைம் த்ரில்லர் பார்த்தால், துப்பாக்கி வெளியே வந்த மறுநொடி இரண்டு பேராவது "கிளாக்" என்பார்கள். இன்னொருவர் "ஏகே" என்பார். கைக்குள் அடங்குவதெல்லாம் கிளாக், தோளில் தொங்குவதெல்லாம் ஏகே என்று ஆகிவிட்டது. பெயர் தெரிந்துவிட்டதாக நினைத்த உடனே கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. புதிதாக வருபவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாத்தா. பிரிட்டிஷ் அரசு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு மோதிய மலாயா அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். விடியற்காலையில் ரப்பர் மரம் சீவப் போகிறவர்களுக்கு முன்னால் .303 ரைஃபிளைத் (புள்ளி வைத்த எண் தோட்டாவின் குறுக்களவு, அங்குலத்தில்) தூக்கிக்கொண்டு நடந்தவர். சிறுவயதில் அவரோடு உட்கார்ந்து வீடியோவில் ஒரு போர்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். "தாத்தா, இது ஒங்க துப்பாக்கிதானே?" என்று கேட்டேன். "டேய், மூக்கப் பாரு மொதல்ல. பேர அப்புறம் சொல்லலாம்" என்றார். மூக்கு என்று அவர் சொன்னது குழலின் முனையை. அவருக்கு முதலில் கொடுத்த லீ-என்ஃபீல்டுக்கு முனை சப்பையாக, மரத்தோடு ஒட்டி முடிந்திருக்கும். பிறகு வந்த குட்டை ரகத்துக்கு, வெள்ளைக்காரர்கள் 'ஜங்கிள் கார்பைன்' என்று அழைத்ததற்கு, புனல் கவிழ்த்தது போல ஒரு மூடி இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான், மூக்குதான் வேறு.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பல வருடங்களாகப் படம் பார்த்துக் குறிப்பெழுதி வருகிறேன். அதிலிருந்து எடுத்துச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: படத்தில் எத்தனையாவது நிமிடம், யார் கையில், கண்ணுக்குத் தெரிந்தவை, கடைசியாகப் பெயர். பெயருக்கான இடத்தைப் பென்சிலில் எழுதுங்கள். அழிக்க வேண்டி வரும்.

படத்தை முதல்முறை நிறுத்தாமல் பாருங்கள். கதையை அனுபவிக்காமல் துப்பாக்கியை மட்டும் தேடினால் இரண்டும் கெடும். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கணினியில் விஎல்சி வைத்திருந்தால், படத்தை நிறுத்திவிட்டு ஆங்கில 'E' எழுத்துப் பொத்தானைத் தட்டத் தட்ட ஒவ்வொரு சட்டகமாக நகரும். யூடியூபில் நிறுத்திய பிறகு முற்றுப்புள்ளிப் பொத்தான் முன்னேயும் காற்புள்ளிப் பொத்தான் பின்னேயும் நகர்த்தும். சினிமா வினாடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. சுடும்போது பிஸ்டலின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போய்த் திரும்புவது ஒன்றிரண்டு சட்டகத்துக்குள் முடிந்துவிடும். ஓட விட்டுப் பார்த்தால் அது கண்ணில் படாது.

சண்டைக் காட்சியைவிட அமைதியான காட்சிதான் நமக்கு உதவும். மேசைமேல் துப்பாக்கியை வைக்கும்போது, வில்லன் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைச் செருகும்போது, இன்ஸ்பெக்டர் உறையிலிருந்து எடுக்கும்போது கேமரா கிட்டத்தில் போகும். அந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் குடும்பம்

ரிவால்வரா, பிஸ்டலா, சாட்கன்னா, சப்மெஷின் கன்னா, ரைஃபிளா? இந்த ஐந்தில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நடுவில் உருண்டையாகச் சுழலும் பகுதி இருந்தால் ரிவால்வர். தோட்டா கைப்பிடிக்குள் போய், மேலே தட்டையான ஸ்லைடு இருந்தால் பிஸ்டல். சாட்கன்னை நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டுரியான் தோப்பில் குரங்கையும் காட்டுப்பன்றியையும் விரட்ட லைசென்ஸோடு வைத்திருப்பார்களே, நடுவில் மடக்கித் திறக்கும் 'செனப்பாங் பத்தா', அது சாட்கன்னின் மிக எளிய வடிவம். படங்களில் வரும் இன்னொரு வடிவத்தில் குழலுக்குக் கீழே ஒரு பிடி இருக்கும். அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். ரெமிங்டன் 870-ம் மாஸ்பெர்க் 500-ம் இப்படிப்பட்டவை. ரெமிங்டனில் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, டிரிகருக்குப் பக்கத்தில் குறுக்குப் பொத்தானாக இருக்கும். மாஸ்பெர்க்கில் மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கும்.

ரிவால்வரில் எங்கே பார்ப்பது

ரிவால்வர் எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். வாழைப்பழத்தை ஒடிப்பது போல முன்பகுதி கீழே மடங்கினால் பெரும்பாலும் வெப்லி அல்லது என்ஃபீல்டு. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த ஊர்களின் ரிவால்வர்கள் இவை, மலாயாவிலும் இருந்தன. இந்தியாவின் கான்பூரில் செய்த .32 ரிவால்வரும் வெப்லி வழியில் வந்ததுதான். அதனால் தமிழ்நாட்டுக் கதையில் இதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

உருளை பக்கவாட்டில் வெளியே வந்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா, கோல்ட்டா என்பது அடுத்த கேள்வி. குழலுக்குக் கீழே ஒரு மெல்லிய கம்பி தெரியும். காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் கம்பி அது. அதன் நுனியைக் குழலோடு சேர்ந்த ஒரு சிறு முட்டு பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று எழுதலாம். கம்பி எதையும் தொடாமல் தனியாக நீண்டிருந்தால் பழைய கோல்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நடிகர் திறப்பதைக் காட்டினால் இன்னும் நல்லது. ஸ்மித்தில் கட்டைவிரலால் பொத்தானை முன்னே தள்ளுவார், கோல்ட்டில் பின்னே இழுப்பார்.

பிஸ்டலில் நான் பார்க்கும் வரிசை

நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பின்பக்கம். ஸ்லைடுக்குப் பின்னால் ஹேமர், அதாவது தோட்டா வெடிக்க அடிக்கும் சுத்தி, நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் அது கிளாக் அல்ல. கிளாக்கில் வெளியே தெரியும் ஹேமர் கிடையாது, கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டியும் கிடையாது. டிரிகருக்குள்ளேயே இன்னொரு சிறு நாக்கு இருக்கும், அதுதான் அதன் சேஃப்டி. பெட்டி போன்ற சதுர ஸ்லைடு, பிளாஸ்டிக் உடம்பு. இதை வைத்தே பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம். ஆனால் ஹேமர் இல்லாததெல்லாம் கிளாக் அல்ல. நம் ஊர்ப் போலீஸ் கையில் வால்தர் பி99 பார்த்திருப்பீர்கள். அதற்கும் ஹேமர் தெரியாது, உடம்பும் பிளாஸ்டிக்தான். ஸ்லைடின் மேல் இடப்புறத்தில் ஒரு சிறு பொத்தான் இருந்தால் பி99 என்று சந்தேகப்படலாம்.

கிளாக்கை நெற்றியில் வைத்து மிரட்டும்போது 'கிளிக்' என்று ஹேமர் இழுக்கும் சத்தம் பல படங்களில் கேட்கும். அது ஒலிப்பதிவில் பிறகு சேர்த்தது. இழுப்பதற்கு அங்கே ஹேமரே இல்லை. காதில் விழுவதை வைத்துத் துப்பாக்கியை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது மேல்பக்கம். ஸ்லைடின் மேல்புறம் நீளமாக வெட்டப்பட்டு உள்ளே குழல் தெரிகிறதா? தெரிந்தால் பெரெட்டா 92 குடும்பம். 1985-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது இதைத்தான். அதற்குப் பிறகு வந்த ஆக்‌ஷன் படங்களில் அதிகம் தென்படும் பிஸ்டல்களில் இதுவும் ஒன்று.

இந்த இடத்தில் ஒரு தவறு செய்தேன். ஒரு படத்துக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி, ஏழு இடங்களில் 'பெரெட்டா' என்று பேனாவால் எழுதி, நண்பர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அதே படத்தைப் பெரிய திரையில் பார்த்தபோது சேஃப்டி நெம்புகோல் ஸ்லைடில் இல்லை, கீழே உடம்பில் இருந்தது. பெரெட்டா 92எஃப்எஸ்ஸில் அது ஸ்லைடின் பின்பக்கத்தில் இருக்கும். பிரேசிலில் செய்யும் டாரஸ் பிடி92-ல் உடம்பில் இருக்கும். ஏழு இடத்திலும் வந்தது டாரஸ். பெரெட்டாவுக்குப் பதிலாகப் படப்பிடிப்பில் டாரஸைக் கொடுப்பது நடக்கக்கூடியதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அன்றிலிருந்துதான் பெயரைப் பென்சிலில் எழுதுகிறேன். வேறு நாடுகளும் இதே வடிவத்தில் செய்வதால், ஸ்லைடில் பொறித்திருக்கும் எழுத்து தெரியாதவரை 'பெரெட்டா 92 குடும்பம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நேர்மை.

மூன்றாவது கைப்பிடியின் பின்புறம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் தனியாக அமுங்கும் ஒரு துண்டு இருந்தால் கோல்ட் 1911 வகை என்று நினைக்கலாம். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, .45 தோட்டா, மேகசினில் ஏழு. ஏறக்குறைய அதே முகச்சாயலோடு, ஆனால் அந்தத் துண்டு இல்லாமல், கைப்பிடி கொஞ்சம் தடிமனாக இருந்தால் 1935-ல் வந்த பிரவுனிங் ஹை-பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அது 9 மி.மீ., மேகசினில் பதின்மூன்று. டிரிகரும் வித்தியாசப்படும். 1911-ல் நேராகப் பின்னால் வழுக்கும், ஹை-பவரில் ஊஞ்சல் போல மேலிருந்து ஆடும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்யும் 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ இந்த ஹை-பவர் வடிவம்தான். இந்தியப் போலீஸ் கதைகளில் அதிகாரி கையில் இதைப் பார்த்துவிட்டு 'கோல்ட்' என்று எழுதிவிடுவார்கள்.

மற்றதெல்லாம் பழகப் பழக வரும். சிறிதாக, ஸ்லைடில் நெம்புகோலோடு, கோட்டுப் பைக்குள் மறைவது போல இருந்தால் வால்தர் பிபிகே பக்கம் தேடுங்கள். இரண்டு கிலோவை நெருங்கும் பூதம் போன்ற, முன்புறம் முக்கோணமாகத் தெரியும் பிஸ்டல் டெசர்ட் ஈகிள். அதை ஒருவரும் தவறவிட மாட்டார்கள்.

தோளில் வைப்பவை

மேகசின் எங்கே செருகியிருக்கிறது என்பது, பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் சப்மெஷின் கன்னுக்குப் போதுமான அடையாளம். இடப்பக்கத்தில் குறுக்காக, நேரான மேகசின் என்றால் ஸ்டென். இடப்பக்கமே, ஆனால் வளைந்த மேகசின், குழலைச் சுற்றி ஓட்டை ஓட்டையான உறை என்றால் ஸ்டெர்லிங். இந்தியப் போலீஸ் வைத்திருக்கும் கார்பைன் அதன் வழிவந்தது. கைப்பிடிக்குள் மேகசின் போனால் ஊஸியையும் மேக்-10-ஐயும் பாருங்கள். டிரிகருக்கு முன்னால் வளைந்த மேகசின், முன்பக்கக் குறிமுள்ளைச் சுற்றி வளையம், இழுக்கும் பிடி குழலுக்கு மேல் இடப்பக்கத்தில் என்றால் எம்பி5. நம் போலீஸின் சிறப்புப் படைகளின் கையில் செய்திப்படங்களில் பார்த்திருப்பீர்கள்.

ரைஃபிள்களில் ஏகே-தான் அதிகம் ஏமாற்றும். 'ஏகே-47' என்று எழுதுபவர்கள் பார்த்தது பெரும்பாலும் வேறொன்று. வளைந்த மேகசினைப் பார்த்ததும் நிறுத்தாமல், தாத்தா சொன்னது போல மூக்குக்குப் போங்கள். குழல் முனை சாய்வாக வெட்டியது போல இருந்தால் 1959-ல் வந்த ஏகேஎம் பக்கம். முனையில் தடித்த உருளை ஒன்று மாட்டி, மேகசினின் வளைவும் குறைவாக இருந்தால் ஏகே-74. முன்பக்கக் குறிமுள்ளைச் சுற்றி முழு வட்டமாக மூடியிருந்தால் சீனாவின் டைப் 56. ரஷ்ய ஏகேயில் அந்த இடம் மேலே திறந்து, இரண்டு காது போல நிற்கும். இந்த ஒரு வட்டத்தை வைத்து நான் பல படங்களில் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன்.

எம்16-க்கு மேலே தூக்கிப் பிடிக்கும் கைப்பிடி. முன்கைப் பகுதி முக்கோணமாக இருந்தால் ஏ1, உருண்டையாக வரிவரியாக இருந்தால் ஏ2. குழல் குட்டையாகி, பின்கட்டை இழுத்து நீட்டும்படி இருந்தால் எம்4.

.303 லீ-என்ஃபீல்டுக்கு மூக்கைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. பழைய ரகத்தில் மேகசின் கீழ்ப்பக்கம் சரிந்திருக்கும். இஷாப்பூரில் 7.62 தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 ரகத்தில் அது சதுரப் பெட்டியாக இருக்கும். மூக்கு ஒன்றுபோலவே இருப்பதால், இங்கே கண் கீழே போக வேண்டும்.

வருடத்தைக் கேளுங்கள்

பெயர் கிடைத்ததும் கதை நடக்கும் வருடத்தோடு ஒட்டிப் பாருங்கள். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊருக்கு வெளியே இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீண்டது. அந்தக் காலத்தை வைத்து யாராவது ஒரு கிரைம் த்ரில்லர் எடுத்தால் காட்டுக்குள் இருக்கும் கெரில்லா கையில் என்ன இருக்கலாம்? ஸ்டென், லீ-என்ஃபீல்டு, வெப்லி எல்லாம் பொருந்தும். ஜப்பானியரை எதிர்க்க பிரிட்டிஷார் விமானத்திலிருந்து போட்ட ஆயுதங்கள் போருக்குப் பிறகும் காட்டில் தங்கிவிட்டன. ஏகே பொருந்தாது. சோவியத் ராணுவமே அதை ஏற்றது 1949-ல்தான். எம்பி5 1960-களில் வந்தது, பெரெட்டா 92 1975-ல், கிளாக் 17 1982-ல். இந்த நான்கு வருடங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பழைய காலக் கதைகளில் நிறையவே உதவும்.

என்னைப் பொறுத்தவரை இது வெறும் பிழை பிடிக்கும் வேலையல்ல. எங்கள் தாத்தா பாட்டிகள் அந்தத் துப்பாக்கிகளுக்கு நடுவில் வேலைக்குப் போனவர்கள். அவர்களுடைய காலத்தைப் படமாக்கும்போது அவர்கள் பார்த்த துப்பாக்கியே திரையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உண்மையா, போலியா

திரையில் இருப்பது சுடும் துப்பாக்கியா, பொம்மையா என்பதையும் குறித்துவிடுங்கள். முனையை நேராகக் காட்டும் சட்டகத்தைத் தேடுங்கள். .45 பிஸ்டலின் ஓட்டை 11 மி.மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னக் குழாய் 6 மி.மீ. அளவில் தெரிந்தால் அது பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட். குழலுக்குள் அடைப்பு தெரிந்தால் குண்டில்லாத வெற்று வெடிக்காகச் செய்தது. சுடும்போது ஸ்லைடு அசையவே இல்லை, தோட்டாக் கூடும் வெளியே விழவில்லை, நெருப்பு மட்டும் தெரிகிறது என்றால் நெருப்பைக் கணினியில் வரைந்திருக்கிறார்கள். அதைக் குறையாக எழுதாதீர்கள். 2021-ல் அமெரிக்காவில் ஒரு படப்பிடிப்பில் துப்பாக்கிக்குள் உண்மைத் தோட்டா இருந்து, பெண் ஒளிப்பதிவாளர் ஒருவர் உயிரிழந்தார். கணினி நெருப்பால் யாரும் சாவதில்லை.

இளைஞர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டு ஏர்சாஃப்டோ, ஜெல் குண்டு சுடும் துப்பாக்கியோ, அச்சு அசலான போலியோ இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவில் போலியைக்கூட விளையாட்டாகப் பார்ப்பதில்லை. அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூரில் அரச மலேசியப் போலீஸ் அருங்காட்சியகமும், போர்ட் டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகமும் இருக்கின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஸ்டென்னின் மேகசின் எந்தப் பக்கம் செருகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

ஒரு காட்சி, என் நோட்டில்

போன மாதம் பார்த்த ஒரு த்ரில்லரில் செம்பனைத் தோட்டத்துக்குள் இரவுச் சண்டை. இரண்டாம் முறை பார்க்கும்போது நான் எழுதியது இது.

52-வது நிமிடம், இன்ஸ்பெக்டர். ஹேமர் உண்டு, ஸ்லைடு மேலே திறந்து குழல் தெரிகிறது, நெம்புகோல் ஸ்லைடில். எழுத்து படிக்க முடியவில்லை. பெரெட்டா 92 குடும்பம்.

54-வது நிமிடம், வில்லனின் ஆள். வளைந்த மேகசின், குறிமுள்ளைச் சுற்றி முழு வட்டம், குழலோடு சேர்ந்த கத்தி (பயனெட்) இல்லை. டைப் 56. நண்பர் ஒருவர் "கத்தி இல்லாமல் எப்படி டைப் 56?" என்று கேட்டார். மடக்கிவைக்கும் கத்தியோடும் அது வரும், இல்லாமலும் வரும். வட்டத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

57-வது நிமிடம், தோட்டத்துக் காவலாளி. மடக்கித் திறக்கிறது, ஒற்றைக் குழல், வெளியே தெரியும் ஒரு ஹேமர். செனப்பாங் பத்தா. யார் செய்தது என்பதற்கு எந்த அடையாளமும் திரையில் இல்லை. பெயருக்கான இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். ஆனால் திறந்ததும் அந்தப் பெரியவர் காலிக் கூட்டை நகத்தால் நெம்பி எடுத்து, தரையில் போடாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். கூட்டின் நிறம் சிவப்பு. அதையும் எழுதிவைத்தேன்.